லக் வைத்த எஃகு சைக்கிள் ஃபிரேம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லக் ஃபிரேம் என்று பேச்செடுத்தாலே 'அது மாதிரி வருமா' என்று உருகுகிற ஒரு கூட்டமும், 'பழைய இரும்பு, விடுங்க' என்று கையை உதறுகிற இன்னொரு கூட்டமும் சேர்ந்துவிடும். எனக்கு லக் ஃபிரேம் பிடிக்கும், ஆனால் அதைப் பற்றிச் சுற்றிவரும் கதைகளில் பாதி பிடிக்காது. அதனால் இந்தப் பதில்களில் கொஞ்சம் பாராட்டும் கொஞ்சம் சண்டையும் இருக்கும்.

லக் என்றால் என்ன?

ஃபிரேமின் இரண்டு குழாய்கள் சேருகிற இடத்தில், இரண்டையும் உள்ளே வாங்கிக்கொள்கிற எஃகு உறைதான் லக். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கக் குழாயின் மேலும் கீழுமாக இரண்டு, சீட்டுக்கு அடியில் ஒன்று. பெடல் அச்சு போகிற பாட்டம் பிராக்கெட் கூடும் உண்மையில் ஒரு பெரிய லக்தான். ஃபோர்க்கின் தோள்பட்டையில் இருக்கும் கிரவுனும் அதே குடும்பம். குழாய்க்கும் லக்குக்கும் நடுவில் பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருகி ஓடி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் பிரேசிங். இதையும் வெல்டிங் என்றே பலர் சொல்கிறார்கள், ஆனால் வெல்டிங்கில் குழாயே உருகிச் சேரும், பிரேசிங்கில் குழாய் உருகுவதே இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

அந்த இணைப்பை எப்படிப் போடுகிறார்கள்?

முதலில் ஒரு குழாயின் நுனியை, அடுத்த குழாயின் வளைவில் ஒளி தெரியாமல் உட்காரும்படி அறுத்து அரம் போடுவார்கள். லக்குக்குள் மறையப்போகிற இடம்தானே என்று இதில் அலட்சியம் காட்டினால் பிற்பாடு அங்கேதான் பிரச்சினை வரும். அப்புறம் லக்கின் உட்புறத்தையும் குழாயின் மேற்புறத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, சூட்டில் உலோகம் கருக்காமல் காக்கிற ஃப்ளக்ஸ் பூசுவார்கள். பித்தளைக்கு ஃப்ளக்ஸ் என்றால் அடிப்படையில் வெண்காரம்தான், பொன் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் அதே சரக்கு.

பிறகு சூடு. மூட்டு முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும், பித்தளைக்கு ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ். ஃப்ளக்ஸ் முதலில் வெள்ளையாகப் பொங்கும், பிறகு கண்ணாடி மாதிரித் தெளிந்து ஓடும். அந்த நேரத்தில் பித்தளைக் கம்பியை லக்கின் விளிம்பில் தொட்டால் போதும், உருகிய பித்தளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளிக்குள் தானாகவே உறிஞ்சப்பட்டு ஓடும். சூடு எங்கே அதிகமோ அந்தப் பக்கம் போகும். கைதேர்ந்தவர் இந்தப் பக்கம் கம்பியை ஊட்டிவிட்டு, சுடரை அந்தப் பக்கம் காட்டி, பித்தளையை மூட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவார். எதிர் விளிம்பு முழுக்க மெல்லிய பொன்னிறக் கோடு எட்டிப் பார்த்தால் உள்ளே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கலாம்.

இதில் நேரம் பிடிக்கிற வேலை சூடு காட்டுவதே அல்ல. முன்னாலும் பின்னாலும் அரம் போடுவதுதான். லக்கின் கூர்முனைகளை மெலிய மெலிய ராவி, விளிம்பு குழாயோடு கரைவதுபோல ஆக்குவதற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் லக்? நேராக வெல்டிங் பண்ணியிருக்கலாமே?

அன்றைக்கு அப்படிப் பண்ணியிருந்தால் குழாய் கெட்டுப்போயிருக்கும். ரோவர் பாதுகாப்பு சைக்கிளை 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்து, கொஞ்ச வருடத்தில் இன்று நாம் பார்க்கிற வைர வடிவ ஃபிரேம் நிலைபெற்றபோது, மெல்லிய எஃகுக் குழாய்களைச் சேர்க்க நம்பகமான வழி பிரேசிங்தான். 1897இல் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் ஒரு காப்புரிமை வாங்கினார்: குழாயின் வெளி அளவு ஒன்றேதான், சுவர் மட்டும் இரண்டு முனைகளிலும் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். பட்டெட் குழாய் என்பது இதைத்தான். நல்ல குழாய்களில் முனையில் 0.8 அல்லது 0.9 மி.மீ., நடுவில் 0.5 அல்லது 0.6 மி.மீ. என்ற அளவில் வரும்.

இத்தனை மெல்லிய சுவரில், அதுவும் அந்தக் காலத்து உலோகக் கலவையில், வெல்டிங் வைத்தால் மூட்டுக்குப் பக்கத்தில் பலம் போய்விடும், விரிசலும் விடும். பிரேசிங்கில் சூடு குறைவு. வெள்ளிக் கலவை என்றால் இன்னும் குறைவு, 700 டிகிரிக்குள்ளேயே வேலை முடியும். கூடவே, மூட்டில் வரும் அழுத்தத்தை ஒரே கோட்டில் விழவிடாமல் லக் கொஞ்ச நீளத்துக்குப் பரப்பிவிடுகிறது. லக்கின் முனைகள் ஈட்டி மாதிரிக் கூர்மையாக நீண்டிருப்பதில் அழகோடு இந்தக் காரணமும் இருக்கிறது.

தொழிற்சாலைக்கு இன்னொரு வசதி: லக் குழாயைக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும், அதனால் சாதாரணத் தொழிலாளிகூடத் தினமும் நிறைய ஃபிரேம் சேர்க்க முடிந்தது. ஆமாம், இன்று 'கைவினை' என்று கொண்டாடுகிற லக் ஒரு காலத்தில் மொத்த உற்பத்திக்கான குறுக்குவழி!

லக் ஃபிரேம் ஓட்டினால் சுகமாக இருக்குமாமே?

இங்கேதான் சண்டை. லக் இருப்பதால் சவாரி மாறாது. அதே குழாய்கள், அதே கோணங்கள், ஒன்றில் லக், இன்னொன்றில் டிக் வெல்டிங் (மின்பொறியால் குழாயையே உருக்கிச் சேர்க்கிற முறை). கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டச் சொன்னால் (சொல்லாதீர்கள்) எது எது என்று யாராலும் சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை.

எஃகு என்பதாலேயே மென்மை என்பதும் பாதிதான் சரி. எல்லா எஃகுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. மலிவான எஃகும் விலை உயர்ந்த எஃகும் ஒரே அளவுக் குழாயாக இருந்தால் ஒரே மாதிரிதான் வளையும். விலை உயர்ந்ததற்குப் பலம் அதிகம், அதனால் சுவரை மெலிய வைக்க முடியும், அதனால் எடை குறையும், கொஞ்சம் துள்ளலும் வரும். விறைப்பைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு குழாயின் விட்டத்துக்குத்தான். சுவர்த் தடிமன் மாறாமல் 28.6 மி.மீ. குழாயை 31.8 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும்.

பழைய லக் ஃபிரேம்கள் இதமாகத் தோன்றுவதற்கு நிஜக் காரணங்கள் உண்டு. குழாய்கள் ஒல்லி, முன் ஃபோர்க் நுனியை நோக்கி மெலிந்து முன்னால் வளைந்திருக்கும், சக்கர இடைவெளி நீளம், அகலமான டயர் போட இடம் இருக்கும். 25 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு 32 மி.மீ. போட்டு, காற்றையும் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ஃபிரேம் மாற்றிக் கிடைக்கும் சுகத்தைவிட அது அதிகம்.

531 என்று ஸ்டிக்கர் இருக்கிறதே, அதென்ன?

ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய். பல பத்தாண்டுகள் நல்ல சைக்கிளுக்கு அதுதான் அடையாளம், ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்பக்கத் துணைச்சட்டத்தில்கூட இருந்தது. குழாய் என்றால் இத்தாலியக் கட்டுநர்களுக்கு கொலம்பஸ், ஜப்பானில் டாங்கே, இஷிவாட்டா. 1976இல் வந்த ரெனால்ட்ஸ் 753 இன்னும் மெல்லிய, வெப்பப் பதமிட்ட குழாய். அதிகச் சூடு பட்டால் பதம் போய்விடும் என்பதால், சோதனை மூட்டு செய்து அனுப்பித் தேறிய கட்டுநர்களுக்குத்தான் ரெனால்ட்ஸ் அதைக் கொடுத்தது.

ஸ்டிக்கரைக் கவனமாகப் படியுங்கள். முழு ஃபிரேமும் ஃபோர்க்கும் 531 என்பதற்கு ஒரு ஸ்டிக்கர், மூன்று முக்கியக் குழாய் மட்டும் 531 என்பதற்கு வேறு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் தனியாகவும் விலைக்குக் கிடைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எடை அதிகம்தானே?

அதிகம்தான். நல்ல பட்டெட் குழாய் ஃபிரேம், ஃபோர்க் இல்லாமல், இரண்டு கிலோவை ஒட்டி வரும். நல்ல கார்பன் ஃபிரேம் ஒரு கிலோவுக்குக் கீழே. ஆனால் இந்த வித்தியாசத்தில் லக்கின் பங்கு சில நூறு கிராம்கூடத் தேறாது, மீதி எல்லாம் குழாய்தான். போட்டியில் மலையேறுபவர் கவலைப்படட்டும், மற்றவர்கள் தண்ணீர்க் குப்பியின் எடையையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் ஏன் காணாமல் போனது?

மவுண்டன் பைக் வந்தது, பெரிய விட்டக் குழாய்கள் வந்தன, அந்த அளவுக்கு லக் கடையில் கிடைக்கவில்லை. லக் என்பது குறிப்பிட்ட விட்டத்துக்கும் குறிப்பிட்ட கோணத்துக்கும் செய்தது, ஒன்றிரண்டு டிகிரி வளைக்கலாம், அதற்கு மேல் முரண்டு பிடிக்கும். மேல்குழாயைச் சரிவாக வைக்க வேண்டுமென்றால் வேறு லக் வேண்டும். டிக் வெல்டிங்குக்கு இந்தத் தொல்லையே இல்லை, எந்தக் கோணமும் சரி, வேலையும் வேகம். 1990களின் நடுவில் ரெனால்ட்ஸ் 853 போல, வெல்டிங் சூட்டில் பலம் இழக்காமல் காற்றில் ஆறும்போது இறுகுகிற எஃகு வந்ததும், 'வெல்டிங் வைத்தால் குழாய் கெடும்' என்ற பழைய வாதமும் போயிற்று. அதற்குள் அலுமினியமும் கார்பனும் பந்தயக் களத்தைப் பிடித்துக்கொண்டன. நியாயமான தோல்விதான், யாரும் சதி செய்யவில்லை.

பிறகு ஏன் இன்னும் செய்கிறார்கள்?

ஒரு இடத்தில் விதியே எஃகு ஃபிரேமைக் காப்பாற்றுகிறது. 1948இல் கொக்குராவில் தொடங்கிய ஜப்பானின் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று மக்கள் பணம் கட்டுகிறார்கள், அதனால் கருவியால் யாருக்கும் சாதகம் வரக்கூடாது என்று, வழக்கமான ஆண்கள் பந்தயத்தில் அங்கீகாரம் பெற்ற எஃகு ஃபிரேம் மட்டும்தான். அந்தப் பந்தய உலகத்துக் கட்டுநர் நாகாசாவா. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை தொழில்முறை ஸ்பிரிண்ட் உலகப் பட்டம் வென்ற கொய்ச்சி நகானோ ஓட்டியது அவர் கட்டிய ஃபிரேம்கள்.

மற்ற இடங்களில் விதி ஒன்றும் இல்லை, விருப்பம்தான். என்னைக் கேட்டால், லக் ஃபிரேமின் பிடிப்பு அது ஓடுவதில் இல்லை. அதைப் பிரிக்க முடிகிறது, அது எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று வெளியே நின்றே பார்க்க முடிகிறது, அதில்தான். கார்பன் ஃபிரேமை நீங்கள் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் உள்ளே இழைகள் எப்படி அடுக்கப்பட்டன என்று தெரியாது, தயாரித்தவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான். லக் ஃபிரேமில் ஒரு விளிம்பை நகத்தால் வருடினால் கட்டியவர் அங்கே அரத்தோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று சொல்லிவிடலாம். அடிப்பக்கம், யாரும் குனிந்து பார்க்காத பாட்டம் பிராக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கேயும் விளிம்பு சுத்தமாக இருந்தால் நல்ல கை. மேலே மட்டும் மினுக்கி, கீழே பித்தளை கட்டிகட்டியாக நின்றால் நல்ல விற்பனையாளர்.

விரிசல் விட்டால், இடித்துவிட்டால் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். நெளிந்த குழாயை அறுத்து எடுத்துவிட்டு, லக்குக்குள் மிஞ்சிய துண்டைச் சூடாக்கினால் பித்தளை மறுபடி உருகும், துண்டை வெளியே இழுத்துவிட்டு அங்கே புதுக் குழாய் வைக்கலாம். லக், மற்ற குழாய்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பின்சக்கரம் மாட்டும் டிராப்அவுட் உடைந்தாலும் இதே வழிதான். வெல்டிங் வைத்த எஃகையும் ரிப்பேர் செய்யலாம், ஆனால் அறுத்து ராவிச் சேர்ப்பது அதிக வேலை. ஒரே மூட்டைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது நல்லதல்ல என்பதும் உண்மை, அதனால் அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். பெயிண்ட் முழுக்கப் போகும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பூவேலை செய்த லக்குகள் பலத்துக்கா, பகட்டுக்கா?

பகட்டுக்கு. லண்டனின் ஹெட்சின்ஸ் ஃபிரேம்களில் லக் முனைகள் சுருள்சுருளாகக் கொடி படர்ந்தது போல இருக்கும், பிரெஞ்சு நெர்வெக்ஸ் லக்குகளின் வளைவுகளைப் பல நாட்டுக் கட்டுநர்களும் வாங்கிப் பயன்படுத்தினார்கள். பிறகு மெழுகு அச்சில் வார்த்த லக்குகள் வந்தன. அவை அளவு பிசகாது, அரம் போடும் வேலை குறைவு. எனக்குச் சுருள் வேலை கொஞ்சம் திகட்டும், நீளமான எளிய முனைகள்தான் பிடிக்கும். இதில் சரி தவறு எதுவும் இல்லை.

பழைய லக் ஃபிரேம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதல் வேலையாக, முன்பக்க லக்குகளுக்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவுங்கள். முன்னால் மோதிய சைக்கிளில் அங்கே ஒரு மெல்லிய மடிப்போ புடைப்போ இருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் குறுக்கே வெடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள்: முன்பக்கக் குழாயின் கோடு ஃபோர்க்கின் மேல் பாதியிலும் அப்படியே தொடர வேண்டும், பின்னால் ஒடிந்து நின்றால் இடி வாங்கியிருக்கிறது.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் டிராப்அவுட்டில் கட்டி, முன்பக்கக் குழாயைச் சுற்றி, மறுபக்க டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டிக்கர் போய்விட்ட ஃபிரேமில் சீட் போஸ்ட் அளவு ஒரு துப்பு கொடுக்கும். 27.2 மி.மீ. போஸ்ட் போகிறது என்றால் சீட் குழாயின் சுவர் மெல்லியது, நல்ல குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். 26 மி.மீ.யை ஒட்டி வந்தால் தடித்த சாதாரணக் குழாயாக இருக்கலாம். அதோடு போஸ்ட்டும் ஹேண்டில்பார் ஸ்டெம்மும் அசைகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். அலுமினியப் போஸ்ட் எஃகுக் குழாய்க்குள் பல வருடம் கிரீஸ் இல்லாமல் இருந்தால் இறுகிப்போகும், எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

புதுப் பாகங்கள் பொருந்துமா?

பின்சக்கர இடைவெளி ஐந்து கியர் காலத்தில் 120 மி.மீ., ஆறு ஏழு கியருக்கு 126, பிறகு 130. 126ஐ 130 ஆக்குவது எஃகில் சுலபம், பக்கத்துக்கு 2 மி.மீ. நிதானமாக வளைத்து, டிராப்அவுட்டுகள் இணையாக நிற்கின்றனவா என்று சரிபார்த்தால் முடிந்தது. அலுமினியத்திலோ கார்பனிலோ இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பழைய 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் சற்றே சிறிய 700சி சக்கரம் போட்டால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டம் பிராக்கெட் மரையை மட்டும் கவனியுங்கள். ஆங்கில மரை, இத்தாலிய மரை, பிரெஞ்சு மரை மூன்றும் வேறு வேறு, ஆங்கில மரையில் செயின் பக்கத்து பேரிங் கப் இடது மரை. தெரியாமல் முறுக்கினால் கூடு பாழ். டிஸ்க் பிரேக்கை மறந்துவிடுங்கள், அந்தப் பாரத்தைத் தாங்கும்படி அந்தக் குழாய்கள் கட்டப்படவில்லை.

துரு பிடிக்காதா?

பிடிக்கும். வெளியே தெரிகிற துருவைவிட உள்ளே இருப்பதுதான் ஆபத்து. தண்ணீர் சீட் குழாய் வாய் வழியாக இறங்கிப் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். அடியில் ஒரு சிறிய வடிகால் துளை இருந்தால் நல்லது. ஃபிரேம் காலியாக இருக்கும்போது குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ ஊற்றி, எல்லாப் பக்கமும் திருப்பி, வழியவிட்டு உலரவையுங்கள். இதைச் செய்தவர்களின் ஃபிரேம்கள் ஒரு தலைமுறை தாண்டியும் ஓடுகின்றன. எஃகுக்கு ஒரு நல்ல குணம், குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் அது களைத்து உடையாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. ஆனால் துரு சுவரை அரித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

கார்பனிலும் லக் உண்டாமே?

உண்டு. 1994இல் வந்த கொல்நாகோ சி40 கார்பன் குழாய்களைக் கார்பன் லக்கில் ஒட்டிச் செய்தது. அதற்கு முன்பே இத்தாலிய ஆலனும் பிரெஞ்சு விட்டஸ் 979உம் அலுமினியக் குழாய்களை லக்கில் பசை போட்டுச் சேர்த்தன. யோசனை அதேதான், குழாயைச் சூட்டால் கெடுக்காமல் சேர்க்க வேண்டும். ஆனால் பசை விட்டுப்போன பழைய அலுமினிய ஃபிரேமை மறுபடி ஒட்டுவது பிரேசிங் போல எளிதல்ல, வாங்குமுன் மூட்டுகளை அசைத்துப் பாருங்கள்.

மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். பவுடர் கோட்டிங் போதுமா?

உறுதிக்குப் போதும், லக்குக்குப் போதாது. பவுடர் தடிமனாகப் படிந்து, கட்டியவர் மெலிதாக ராவிய விளிம்புகளை மொழுமொழுவென்று மூடிவிடும். ஈர பெயிண்ட் அடிப்பவரிடம் போங்கள். மணல் வீசிச் சுரண்டுவதானால் நுண்மையான துகளைக் குறைந்த அழுத்தத்தில் வீசச் சொல்லுங்கள், 0.5 மி.மீ. சுவரில் முரட்டு மணல் வேண்டாம். மரைகளையும் முன்பக்க பேரிங் உட்காரும் இடங்களையும் மூடச் சொல்ல மறக்காதீர்கள். லக் விளிம்பில் வேறு நிறத்தில் மெல்லிய கோடு வேண்டுமென்றால், நீள மயிர் உள்ள ஒல்லித் தூரிகையும் எனாமலும் வாங்கி நீங்களே போடலாம். தூரிகையை அசைக்காமல் பிடித்து, ஃபிரேமைத் திருப்பிக்கொண்டே போனால் கோடு நேராக வரும். பிசகினால் டர்பன்டைனில் நனைத்த துணியால் ஈரத்திலேயே துடைத்துவிடலாம், கீழே இருக்கும் பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அதை மட்டும் ஒரு மூலையில் முன்கூட்டியே தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.